பத்து அருவி, ரெண்டு முழங்கால்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவுல ஒரேகான் மாநிலத்துல, ஒரே நடைபாதையில பத்து அருவி பார்க்கக்கூடிய சில்வர் ஃபால்ஸ் ஸ்டேட் பார்க் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. பாதிக்கு மேல "அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்திருக்காங்க"ன்னு தான் ஆரம்பிக்குது. சரி, இந்த தடவை முழுக்க அதுவே.

கேள்வி: தூத்துக்குடியிலேர்ந்து வந்து ஹில்ஸ்பரோல மக வீட்ல ஆறு மாசமா இருக்கோம். எனக்கு 62, இவங்களுக்கு 67, ரெண்டு பேருக்கும் முட்டி வலி. பேரனுக்கு 4 வயசு. மருமகன் அருவிக்கு கூட்டிட்டுப் போறேன்னு நிக்கிறார். நடக்க முடியுமா, இல்ல கார்லயே உக்காந்திருக்கணுமா?

கார்ல எல்லாம் உக்கார வேண்டாம்மா, தாராளமா போயிட்டு வாங்க. ஆனா ஒரு விஷயத்த மருமகன் கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க. பழனி மலைக்குப் போறோம்னு வைங்க, மொதல்ல மூச்சு வாங்க ஏறுவோம், தரிசனம் முடிஞ்சா ஜம்முனு எறங்கிடுவோம். முடியலன்னா பாதியிலயே திரும்பிடலாம், எறக்கம் தானே. இங்க அப்படியே தலைகீழ். காரை நிறுத்துற எடம் மேல, அருவியோட அடிவாரம் பள்ளத்தாக்குக்குள்ள கீழ. போகும்போது குளுகுளுன்னு எறக்கம், பேச்சும் சிரிப்புமா எவ்ளோ தூரம் எறங்குனோம்னே தெரியாது, களைச்சுப் போன நேரத்துல தான் ஏத்தம் ஆரம்பிக்கும். அதனால "இன்னும் கொஞ்சம் தூரம் தான் அத்தை, வாங்க"ன்னு மருமகன் சொன்னா, கீழ பார்க்காதீங்க, திரும்பி மேல பாருங்க, அதை ஏற முடியுமான்னு மட்டும் யோசிங்க.

இப்போ உங்களுக்கு ஏத்தது என்னன்னா, நேரா சவுத் ஃபால்ஸ் பக்கம் போங்க. பார்க்கிங்லேர்ந்து கொஞ்ச தூரத்துல கல்லும் மரமுமா ஒரு பழைய லாட்ஜ் இருக்கும், அதைத் தாண்டி தளம் போட்ட பாதையில போனா கல்லு கைப்பிடிச் சுவர் ஓரமா நின்னு அருவி விழற உச்சியையே பார்க்கலாம். 177 அடி. அங்கயே அரை மணி நேரம் போயிரும். முட்டி ஒத்துழைச்சா மெதுவா எறங்கி அருவிக்குப் பின்னாடி போயிட்டு வரலாம், ஆமா, பின்னாடி தான், தண்ணி முன்னாடி திரை மாதிரி விழும், நாம உள்ள பாறைக்கு அடியில நடக்கலாம். சுத்தி வந்தா மொத்தம் ஒரு மைல் தான், ஆனா அந்த ஏத்தம் ஏத்தம் தான். அதுக்கு மேல சவுத் ஃபால்ஸ் பக்கம் உங்களுக்கு வேண்டாம்.

அப்புறம் கார்ல ஏறி அதே 214 ரோட்ல வடக்குப் பக்க பார்க்கிங்குக்குப் போங்க. அங்க அப்பர் நார்த் ஃபால்ஸ்னு ஒண்ணு இருக்கு, 65 அடி. எல்லாரும் பெருசு பெருசுன்னு ஓடுறதால இதைக் கண்டுக்க மாட்டாங்க. ரோட்டுப் பாலத்துக்கு அடியில நுழைஞ்சு ஆத்தோரமா சுமார் கால் மைல் தான், பெரும்பாலும் சமதளம், பேரன் ஓடியே போயிருவான். என்னைக் கேட்டா அப்பா அம்மாவுக்கு இந்த பார்க்லயே நல்ல எடம் இது தான். எங்க அம்மா வந்தப்போ சவுத் ஃபால்ஸ விட இங்க தான் அதிக நேரம் உக்காந்திருந்தாங்க.

ஸ்ட்ரோலர் எடுத்துட்டுப் போனா மேல லாட்ஜ் பக்கத்தோட நிறுத்திக்குங்க. நாங்க மொத தடவை போனப்போ புத்திசாலித்தனமா அதைத் தள்ளிட்டே கீழ எறங்கிட்டோம், அப்புறம் லோயர் சவுத் ஃபால்ஸ் படிக்கட்டு வந்துச்சு பாருங்க, நூறுக்கும் மேல படி, ஈரம், அதுல நான் ஸ்ட்ரோலரத் தலையில தூக்கிட்டு, என் வீட்டுக்காரம்மா கொழந்தைய இடுப்புல வெச்சுக்கிட்டு, எதிர்ல வர்றவங்க எல்லாம் ஒதுங்கி வழி விட்டு சிரிக்கிறாங்க. கொழந்தைய முதுகுல தூக்குற கேரியர் தான் இங்க சரி.

கேள்வி: பீவர்ட்டன்ல இருக்கோம், பசங்களுக்கு 7, 10. பத்து அருவியையும் ஒரே நாள்ல பார்த்துரணும்னு பெரியவன் அடம். முடியுமா?

முடியும், ஆனா எதுக்கு? டிரெயில் ஆஃப் டென் ஃபால்ஸ் முழு சுத்து 7.2 மைல், நம்ம கணக்குல பதினொன்றரை கிலோமீட்டர், ஏத்தம் எல்லாம் சேர்த்து 800 அடி. பத்து வயசுப் பையன் முடிச்சிருவான். ஏழு வயசு நாலாவது மைல்ல "அப்பா தூக்கு"ன்னு கையத் தூக்கும், உங்க முதுகு என்ன சொல்லுதுன்னு நீங்க தான் பார்த்துக்கணும்.

இன்னொண்ணு, அருவிகள் சம தூரத்துல வரிசையா வராது. சவுத் ஃபால்ஸ், லோயர் சவுத் ஃபால்ஸ் ரெண்டும் பார்த்ததுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் வெறும் காடு, பெரியவங்களுக்கு அது தான் சொகம், பசங்களுக்கு அங்க தான் போர் அடிக்கும். அதைத் தாண்டி லோயர் நார்த், டபுள், டிரேக், மிடில் நார்த்னு கடகடன்னு வரும். டபுள் ஃபால்ஸ் சின்ன கிளைப் பாதையில உள்ள தள்ளி இருக்கு, விட்றாதீங்க, 178 அடி, பார்க்லயே உசரம் அது தான். எல்லாரும் போட்டோ எடுக்குற சவுத் ஃபால்ஸ விட ஒரே ஒரு அடி ஜாஸ்தி. பாவம், யாருக்கும் தெரியாது.

நான் சொல்றது இதான்: ஒரு தடவை சவுத் பக்கம் எறங்கி லோயர் சவுத் வரைக்கும் போயிட்டு மேப்பிள் ரிட்ஜ் பாதை வழியா மேல ஏறிருங்க, மூணு மைலுக்குள்ள முடிஞ்சிரும். இன்னொரு நாள் வடக்குப் பக்கம் காரை விட்டுட்டு நார்த் ஃபால்ஸ், ட்வின் ஃபால்ஸ்னு போங்க. ஒன்றரை மணி நேர டிரைவ்ல வீட்ட வெச்சிக்கிட்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல ஏன் அள்ளணும்? பெரியவன் ஒத்துக்கலன்னா அவனையும் உங்கள்ல ஒருத்தரையும் மட்டும் முழு சுத்து அனுப்பிட்டு, மத்தவங்க வடக்கு பார்க்கிங்ல போய் காத்திருங்க. பள்ளத்துக்குள்ள போன்ல சிக்னல் சரியா வராது, அதனால எத்தனை மணிக்கு எங்கன்னு மேலயே பேசி முடிவு பண்ணிட்டு எறங்குங்க.

கேள்வி: குற்றாலம் மாதிரி தலையக் காட்டி குளிக்க முடியுமா? துண்டு, எண்ணெய் எல்லாம் எடுத்துட்டுப் போகணுமா? (தென்காசிக்காரன், சேலம், ஒரேகான்)

தென்காசிக்காரர் கேப்பார்னு தெரியும். எண்ணெய வீட்லயே வெச்சிருங்க. இது பார்க்குற அருவி, குளிக்குற அருவி இல்ல. அருவிக்குப் பின்னாடி நடக்கும்போது சாரல் மூஞ்சில அடிக்கும், மூக்குக் கண்ணாடி போட்டிருந்தா ஒண்ணும் தெரியாது, அவ்ளோ தான் உங்களுக்குக் கெடைக்கப் போற குளியல். தண்ணி வேற ஐஸ் மாதிரி. அது சரி, ஊர் பேரு மட்டும் சேலம்னு வெச்சிருக்காங்களே, அதுல கொஞ்சம் ஆறுதல் பட்டுக்குங்க.

கேள்வி: மாமனார் மாமியார் ஜூலைல வராங்க. அப்போ சீசன் தானே?

இல்ல. இதுல தான் நெறைய பேர் ஏமாந்துடறாங்க. நம்மூர்ல தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சா ஜூன், ஜூலைல குற்றாலத்துல சாரல், அருவி கொட்டும், அதே கணக்குல இங்க வந்து நிக்கிறாங்க. ஒரேகான்ல மழை அக்டோபர்ல ஆரம்பிச்சு மே வரைக்கும், ஜூலை, ஆகஸ்ட் சுத்தமா காய்ஞ்ச மாசம். சவுத் ஃபால்ஸ், நார்த் ஃபால்ஸ் எல்லாம் அப்பவும் விழும், மெலிஞ்சு விழும். வின்டர் ஃபால்ஸ் பேரே சொல்லுது பாருங்க, கோடையில வெறும் பாறையத் தான் காட்டும், பத்து அருவின்னு எண்ணிட்டுப் போனவங்களுக்கு ஒண்ணு கொறையும்.

தண்ணி பார்க்கணும்னா மார்ச்லேர்ந்து மே. குளிர்காலத்துல தண்ணி இன்னும் ஜாஸ்தி, ஆனா சாரல் படற பாறையெல்லாம் ஒறைஞ்சு கண்ணாடி மாதிரி ஆயிடும், வயசானவங்கள அப்போ கூட்டிட்டுப் போகாதீங்க. அக்டோபர்ல பெரிய இலை மேப்பிள் மரமெல்லாம் மஞ்சளா மாறி, ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு சைஸ்ல பாதை முழுக்க விழுந்து கெடக்கும், அது வேற அழகு. உங்க மாமனார் ஜூலைல தான் வர முடியும்னா ஜூலைலயே போங்க, நிழலும் காத்தும் ஒண்ணும் கொறையப் போறதில்ல. வார நாளா பார்த்து காலைல சீக்கிரம் போயிருங்க, சனி ஞாயிறு பத்து மணிக்கு மேல பார்க்கிங் கெடைக்காம சுத்தணும். கட்டணம் கார் கணக்கு தான், ஆள் கணக்கு இல்ல, ஏழு சீட்டையும் ரொப்பிக்குங்க.

கேள்வி: அருவிக்குப் பின்னாடி ஏன் குகை இருக்கு? மனுஷங்க வெட்டுனதா? (எட்டு வயசு வாசகி, அம்மா எழுதி அனுப்பியது)

சூப்பர் கேள்வி பாப்பா. மனுஷங்க பாதை தான் போட்டாங்க, குடைஞ்சது தண்ணி. சுமார் 1.5 கோடி வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பக்கமெல்லாம் எரிமலைக் குழம்பு ஓடி வந்து ஆறிப் போச்சு, அது தான் மேல இருக்கற கருப்புப் பாறை, ரொம்பக் கெட்டி. அதுக்குக் கீழ இருக்கறது மெத்துன்னு இருக்கற மண்ணு மாதிரி அடுக்கு. தண்ணியும் சாரலும் பட்டுப் பட்டு கீழ இருக்கறது உதிர்ந்துடும், மேல இருக்கறது கூரை மாதிரி அப்படியே நிக்கும். தோசையோட ஓரம் மொறுமொறுன்னு நிக்க, நடுவுல இருக்கறத மட்டும் நீ பிச்சுத் தின்னுடுவ இல்ல, அது மாதிரி.

நார்த் ஃபால்ஸ் பின்னாடி போகும்போது அண்ணாந்து கூரையப் பாரு. உருண்டையா குழாய் மாதிரி ஓட்டை தெரியும். அது ஒவ்வொண்ணும் ஒரு மரம்! நின்னுட்டிருந்த மரத்த எரிமலைக் குழம்பு சுத்திக்கிச்சு, மரம் போயிடுச்சு, அது நின்ன எடம் மட்டும் அச்சு மாதிரி அப்படியே இருக்கு. அப்பா கிட்ட சொல்லி டார்ச் அடிச்சுப் பாரு. இப்படிப் பின்னாடி நடக்கக்கூடிய அருவி அங்க நாலு இருக்கு, நார்த், மிடில் நார்த், சவுத், லோயர் சவுத்.

ஆத்துல பாறை மேல சாம்பல் கலர்ல குண்டா ஒரு குருவி நிக்கும், அதையும் தேடு. தோப்புக்கரணம் போடற மாதிரி உக்காந்து உக்காந்து எந்திரிக்கும், எண்ணிட்டே இரு, திடீர்னு டபக்குன்னு தண்ணிக்குள்ள முங்கிப் பூச்சி பிடிச்சிட்டு வரும். டிப்பர்னு பேரு.

கேள்வி: இவ்ளோ நல்ல எடம், ஏன் நேஷனல் பார்க் ஆக்கல?

கேட்டுப் பார்த்தாங்க. ஜூன் டிரேக்னு சில்வர்ட்டன் ஊர் போட்டோகிராஃபர், ஆம்பளை தான், இந்த அருவிகள படம் பிடிச்சு பிடிச்சு எல்லாருக்கும் காட்டிட்டே இருந்தார். 1926ல நேஷனல் பார்க் ஆளு வந்து பார்த்துட்டு வேண்டாம்னுட்டார், காரணம் காடு முழுக்க வெட்டுன மரத்தோட அடிக்கட்டை. அப்போ சவுத் ஃபால்ஸ் தனியார் நிலம், டிக்கெட் போட்டுப் பழைய கார்கள அருவி உச்சியிலேர்ந்து தள்ளி விட்டு வேடிக்கை காட்டியிருக்காங்க. 1928ல அல் ஃபாசெட்னு ஒரு சாகசக்காரர் படகோட அதுல எறங்கி எலும்ப ஒடைச்சுக்கிட்டார், உசுரு தப்புச்சு. 1933ல மாநில அரசோட பார்க் ஆச்சு, அப்புறம் பொருளாதாரம் படுத்துக் கெடந்த அந்த பெருமந்த காலத்துல வேலையில்லாத இளைஞர்களுக்கு அமெரிக்க அரசு வேலை குடுத்த திட்டத்துல வந்தவங்க தான் அந்த லாட்ஜ், பாதையெல்லாம் போட்டது. இப்போ 9,000 ஏக்கருக்கு மேல. அன்னிக்கு கட்டையா நின்ன காட்டுல தான் இன்னிக்கு டக்ளஸ் ஃபர் மரத்த அண்ணாந்து பார்த்து கழுத்து வலிக்குதுங்கறோம். டிரேக் பேர்ல ஒரு அருவி, 27 அடி, பத்துலயும் குட்டி அது தான். அந்த மனுஷனுக்கு இன்னும் கொஞ்சம் பெருசா குடுத்திருக்கலாம்.

கேள்வி: நாய்க்குட்டி வரலாமா? சாப்பாடு?

பள்ளத்தாக்குக்குள்ள போற கேன்யன் டிரெயில்ல நாய்க்கு அனுமதி இல்ல, மேல ரிம் டிரெயில்ல சங்கிலியோட கூட்டிட்டுப் போகலாம். சாப்பாட்டுக்கு சவுத் ஃபால்ஸ் பக்கம் மேஜை, பெஞ்சு நெறைய இருக்கு. புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிட்டுப் போங்க, ஆனா கார்லயே வெச்சிட்டு எறங்குங்க. மேல சோறு இருக்குன்னு தெரிஞ்சா தான் எங்க வீட்ல ஏத்தம் ஏறுவாங்க.