பத்தாயிரத்தில் நான்கு பங்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் பிறந்து வளர்ந்தவன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் நான்கு பங்குதான் என்கிறார்கள். அவ்வளவு சொற்பமான ஒன்று பூமியைச் சூடாக்குகிறது என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது. மனிதன் ஏதும் செய்யாமலேயே பனியுகங்கள் வந்து போகவில்லையா? மன்னார் வளைகுடாவில் இரண்டு தீவுகள் மூழ்கியதையும் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். விளக்குவீர்களா?

மு.

அன்புள்ள மு.,

வெள்ளை வேட்டியை அலசும் வாளியில் நாலைந்து சொட்டு நீலம் விடுகிறோம். தண்ணீர் ஒளியைத் தடுப்பதில்லை. ஆகவே அது வாளி நிறைய இருந்தாலும் நிறத்தைத் தீர்மானிப்பது அந்தச் சில சொட்டுகள்தான். காற்றும் அப்படித்தான். அதில் பெரும்பங்கான நைட்ரஜனும் ஆக்சிஜனும் பூமி வெளிவிடும் வெப்பக் கதிர்களை மறிப்பதில்லை. நீராவியும் கரியமில வாயுவும் அவற்றை உறிஞ்சி, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்புகின்றன. இயற்பியலர் ஜான் டிண்டால் இதை 1859-இலேயே ஆய்வகத்தில் அளந்து காட்டினார். இவ்வாயுக்கள் இல்லையென்றால் பூமியின் சராசரி வெப்பநிலை 15 டிகிரியாக இருக்காது, உறைநிலைக்கும் கீழே சுமார் 18 டிகிரிக்கு இறங்கியிருக்கும். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420-ஐத் தாண்டிவிட்டது.

பனியுகங்களைப் பற்றி நீங்கள் சொல்வது உண்மை. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் பல்லாயிரம் ஆண்டுகளில் மெல்ல மாறுவதால் அவை வந்து போயின. ஆனால் அண்டார்டிகப் பனியில் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகளை அளந்தால், கடந்த 8 லட்சம் ஆண்டுகளில், தொழிற்புரட்சிக்கு முன்புவரை, கரியமில வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 300 பங்கை ஒருமுறைகூடத் தாண்டியதில்லை. கூடியிருக்கும் வாயு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதிலேயே அடையாளம் இருக்கிறது. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும், காலப்போக்கில் சிதைந்து மறையும் கார்பன் வகையான கார்பன்-14 எஞ்சியிருப்பதில்லை. அவற்றை எரித்த புகை கலக்கக் கலக்க, காற்றில் அதன் விகிதம் குறைந்துவந்ததை 1950-களில் வேதியியலர் ஹான்ஸ் சூஸ் மரங்களின் வளையங்களில் கண்டறிந்தார். எனக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியிருக்கவில்லை.

தீவுகள் விஷயத்தில் உங்கள் ஐயம் சரியானது. பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் மூழ்கியதற்கு, சுண்ணாம்புக்காகவும் வீடு கட்டவும் பல ஆண்டுகள் பவளக்கல் வெட்டியெடுத்ததே முதன்மைக் காரணம். அதைக் கடல்மட்ட உயர்வின் தலையில் கட்டுவது, வெட்டிய கைகளைத் தப்பவிடுவதாகும்.

அதே கடலில் வெப்பத்தின் வேலையும் நடக்கிறது. 2016 மே மாதத்தில் உங்கள் ஊர்ப்பக்கம் ஒரு நாட்டுப்படகில் போயிருந்தேன். இடுப்பளவு ஆழத்தில், மான்கொம்பு போலக் கிளைத்த பவளங்கள் தவிட்டு நிறம் இழந்து, நுனிமுதல் அடிவரை வெளுத்து நின்றன. “பாரு முழுக்கச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்குங்க” என்றார் படகுக்காரர். பார் என்று அவர் சொன்னது பவளத்திட்டை. அவை இன்னும் செத்திருக்கவில்லை. பவளத்தின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகளை, நீர் வழக்கத்தைவிட ஒரு டிகிரி கூடி வாரக்கணக்கில் நீடித்தால், பவளம் வெளியேற்றிவிடுகிறது. சூடு விரைவில் தணிந்தால் பாசி திரும்பும், பவளம் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியில் சாகும். செத்த பார் மறுபடி வளரப் பத்தாண்டுகளுக்கு மேலாகலாம். மன்னார் வளைகுடாவில் 1998-இல் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன, அடுத்து 2010-இல், அதற்கடுத்து 2016-இல்.