அந்த வாசனை ஸ்ப்ரேயை வாங்காதீர்கள், தம்பி

தம்பி, உங்கள் கடிதத்தில் நாலு கேள்வி இருக்கிறது. வந்து மூன்று வாரம் ஆகிறது, வாடகை வீட்டுப் பாத்ரூமில் ஜன்னல் கிடையாது, எவ்வளவு தேய்த்தாலும் நாற்றம் போகவில்லை, எந்த ஸ்ப்ரே நல்லது என்பது ஒன்று. வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம், வேலை மாறுவது மற்ற மூன்று. அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். நம்மவர் இரண்டு பேர் சந்தித்தாலே அதைத்தான் பேசுவார்கள். பாத்ரூமைப் பற்றி மட்டும் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். நான் திறப்பேன். இந்த நாட்டில் எனக்கு முதல் சம்பளம் போட்டது கக்கூஸ்தான்.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரவு ஷிஃப்ட், பதினெட்டு மாதம். ஆறு மாடி, மாடிக்கு எட்டுக் கமோடு. என்னோடு பக்கெட் தூக்கிய சிலர் இன்று பெரிய வீட்டில் இருக்கிறார்கள். விமானத்தை விட்டு இறங்கும்போதே கோட்டும் டையுமாக இறங்கியதுபோலப் பேசுகிறார்கள். பேசட்டும். அவர்கள் வீட்டுப் பாத்ரூமுக்குப் போனால் மூன்று மெழுகுவர்த்தி, கண்ணாடிக் குப்பியில் நட்டுவைத்த வாசனைக் குச்சி, சுவரில் தானாகப் பீய்ச்சும் ஒரு டப்பா. எல்லாவற்றுக்கும் அடியில் மெல்லிசாக அம்மோனியா. வந்த விருந்தாளிக்குத் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியாது. மூக்கு அப்படித்தான், ஒரே நாற்றத்தில் சில நிமிஷம் இருந்தால் பழகிப்போய் அதைச் சொல்வதை நிறுத்திவிடும்.

ஸ்ப்ரே கதை போகட்டும். அதைவிட அவசரமாக ஒன்று சொல்ல வேண்டும். கழுவுகிற மருந்து இரண்டை ஒருநாளும் கலக்காதீர்கள்.

என் முதல் அறையிலும் பாத்ரூமுக்கு ஜன்னல் இல்லை. கமோடின் விளிம்புக்கு அடியில் மஞ்சளும் பழுப்புமாக உப்புக் காரை கட்டியிருந்தது. ப்ளீச் ஊற்றினேன், காரை வெளுத்ததே தவிரப் போகவில்லை. சரி, இதுவும் நல்ல மருந்து, அதுவும் நல்ல மருந்து, சேர்ந்தால் இன்னும் நல்லது என்று ஒரு கணக்குப் போட்டு, உப்புக் கறை நீக்கும் ஆசிட்டை அதன் தலையிலேயே ஊற்றிவிட்டுப் பிரஷ்ஷோடு குனிந்தேன். தொண்டைக்குள் யாரோ கம்பியை விட்டு இழுத்த மாதிரி இருந்தது. கண் திறக்க முடியவில்லை. சுவரைத் தடவித் தடவி வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து விடியும்வரை இருமினேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் என்னென்ன காகிதம் கேட்பார்களோ என்ற பயத்தில் போகவும் இல்லை. அந்த முட்டாள்தனத்தை நீங்கள் செய்யாதீர்கள். அப்படி ஆனால் அப்படியே போட்டுவிட்டு வெளிக்காற்றுக்கு வந்து, உடனே உதவிக்குக் கூப்பிடுங்கள்.

ப்ளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் இப்ரே போர்க்களத்தில் எதிரியின் பதுங்குகுழிகளை நோக்கித் திறந்துவிட்டார்களே, அதே வாயுதான். வினிகரும் ஆசிட்தான், மறந்துவிட வேண்டாம். ப்ளீச்சோடு அம்மோனியா சேர்ந்தால் குளோரமின், அதுவும் நெஞ்சைப் பிடிக்கும். சில கண்ணாடி துடைக்கும் திரவங்களில் அம்மோனியா இருக்கிறது. பழைய சிறுநீரிலும் இருக்கிறது, அதனால் ப்ளீச் ஊற்றுமுன் ஒரு தடவை ஃப்ளஷ் செய்யுங்கள்.

எனக்குப் பிறகுதான் தெரிந்தது, ப்ளீச் கிருமிக்கு, ஆசிட் காரைக்கு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. காரை என்றால் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி இரவெல்லாம் ஊறவிட்டுக் காலையில் தேயுங்கள். நன்றாக அலசிவிட்டு, ப்ளீச் வேண்டுமென்றால் அடுத்த நாள். பளிங்குக்கல் பக்கம் மட்டும் ஆசிட் போகக்கூடாது, கல்லையே அரித்துவிடும்.

இனி நாற்றத்துக்கு வருகிறேன். அந்தக் கட்டடத்தில் எங்களுக்கு மேற்பார்வையாக ஒரு வயதான அம்மா இருந்தார். அவரும் வேறெங்கிருந்தோ பிழைக்க வந்தவர்தான். எங்கள் இருவருக்கும் பொதுவாகத் தெரிந்த சொல் ஐம்பது தேறாது. நான் முடித்துவிட்டேன் என்று சொன்னதும் உள்ளே வந்து கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு மண்டியிட்டு, கமோடு இருக்கை மாட்டியிருக்கும் கீல் இருக்கிறதல்லவா, அந்தத் திருகைச் சுற்றி ஒரு வெள்ளை டிஷ்யூவை விரல் நகத்தால் அழுத்தி ஓட்டுவார். மஞ்சளாக வரும். பேசாமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதுச் சிறுநீர் அவ்வளவாக நாறாது. கீலுக்கடியில், கமோடு தரையில் உட்காரும் விளிம்பில், பக்கத்துச் சுவரில் முழங்கால் உயரம்வரை துளித்துளியாகத் தெறித்துத் தங்கியதை பாக்டீரியா பிடித்து யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது. நாற்றம் அதுதான். நீங்கள் கமோடின் உட்பக்கத்தையே தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உட்பக்கம் தினம் பத்துத் தடவை தானாகக் கழுவப்படுகிறது, வெளிப்பக்கத்தை யார் கழுவுகிறார்கள்? வாரம் ஒருமுறை இருக்கையின் திருகைத் தளர்த்திக் கழற்றுங்கள். பல இருக்கைகள் கையாலேயே கழன்றுவரும். முதல் தடவை பார்க்கும்போது மனசைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள்.

தரையில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஐயோ, நிறுத்துங்கள். தரையில் வடிகால் இல்லாத பாத்ரூம் என்றும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? என் தண்ணீர் கீழ்வீட்டுக்காரர் கூரையில் பெரிய தாம்பாளம் அளவுக்குப் பழுப்பு வட்டமாகப் போய் நின்றது. அந்த மனிதர் கதவைத் தட்டிய தோரணை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அதோடு பக்கெட்டைக் கட்டினேன். இன்று என் பாத்ரூமில் சாக்ஸோடு நடக்கலாம். குளித்ததும் சுவர்த் தண்ணீரை வைப்பரால் இழுத்துவிட ஒரு நிமிஷம், தரைக்கு ஈரத்துணி. முதலில் கழுவின திருப்தியே வராது, பழக எனக்கு ஒரு வருஷம் பிடித்தது.

ஜன்னல் இல்லையென்றால் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் உயிர். அது ஓடுகிற சத்தத்தை நம்பாதீர்கள். ஒற்றை டிஷ்யூவை அதன் சல்லடைமேல் வையுங்கள், ஒட்டிக்கொண்டால் இழுக்கிறது. விழுந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் சல்லடையைக் கழற்றித் தூசியை எடுங்கள். குளித்து முடித்த பிறகும் இருபது நிமிஷம் ஓடட்டும். கதவுக்கடியில் இடைவெளி இருக்கட்டும், குளிருக்குப் பயந்து அங்கே துணியைச் சுருட்டி அடைத்துவைக்கும் நம்மவர் பலரை எனக்குத் தெரியும். உள்ளே வரக் காற்று இல்லாமல் ஃபேன் எதை இழுக்கும்? ஈரம் நின்றால் அடுத்தது சுவர் மூலையில் கறுப்புப் பூசணம். அது வந்தபின் என்னிடம் வராதீர்கள், நான் இன்னொரு கட்டுரை எழுத வேண்டியிருக்கும்.

ஷவர் ஓரம் இளஞ்சிவப்பாக வழவழவென்று படிகிறதே, அது துரு இல்லை. செராஷியா போன்ற நுண்ணுயிர், சோப்பு மிச்சத்தைத் தின்று வாழ்வது. தேய்த்தால் போகும், ஈரம் நின்றால் திரும்ப வரும். துண்டை மடித்துத் தொங்கவிடாமல் விரித்துக் காயப்போடுங்கள். கமோடு பிரஷ்ஷைச் சொட்டச் சொட்ட அதன் டப்பாவில் வைக்காதீர்கள், கைப்பிடியை இருக்கைக்கும் கமோடுக்கும் நடுவில் கொடுத்துத் தொங்கவிட்டால் வடிந்துவிடும்.

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். வீடு இரண்டு மாதம் காலியாகக் கிடந்தது, உங்களிடம் வாஷிங் மெஷின் இன்னும் இல்லை, துணி வெளியில்தான் துவைக்கிறீர்கள். எனக்குச் சந்தேகமே அங்கேதான். மெஷினுக்கென்று பாத்ரூமில் விட்டிருக்கும் கழிவுக்குழாயைப் பாருங்கள். ஒவ்வொரு கழிவுக்குழாயும் கீழே ஓரிடத்தில் வளைந்து கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைக்கும். ட்ராப் என்பார்கள். சாக்கடைக் காற்று வீட்டுக்குள் ஏறாமல் தடுப்பது அந்தத் தேங்கிய தண்ணீர்தான். 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரத் தொழிலாளி வாங்கிய காப்புரிமை, வளைவின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் இன்றுவரை அதே யோசனைதான். யாரும் உபயோகிக்காத குழாயில் அந்தத் தண்ணீர் வற்றிப்போகும். பிறகு நீங்கள் எத்தனை புட்டி ஸ்ப்ரே அடித்தாலும் கீழேயிருந்து வந்துகொண்டேதான் இருக்கும்.

இன்றிரவு அதில் இரண்டு செம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மேலே ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் சீக்கிரம் வற்றாது. காலையில் வெளியே போய்ப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்து மூச்சை இழுத்துப் பாருங்கள். இன்னும் இருந்தால் எந்த மூலையிலிருந்து வருகிறது, முட்டை அழுகிய நாற்றமா மூத்திர நெடியா என்று பார்த்து எழுதுங்கள்.