அமெரிக்கக் கவுண்டி கோர்ட்டில் சிவில் வழக்கு விவரம் தேடுவது எப்படி? கேள்வி பதில்

சான் ஹோசேயில் ஒரு சின்ன வக்கீல் ஆபீசில் பதினான்கு வருடமாகப் பாராலீகல் வேலை, அதாவது வக்கீலுக்குக் காகித வேலையில் உதவும் வேலை, பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை, அதனால் "கேஸ் ஜெயிக்குமா" என்று கேட்காதீர்கள். காகிதம் எங்கே இருக்கிறது, எப்படி எடுப்பது, எடுத்ததை எப்படிப் படிப்பது, இதையெல்லாம் தாராளமாகக் கேளுங்கள். கட்டணங்கள் அவ்வப்போது மாறும், பணம் அனுப்பும் முன் அந்தந்த கோர்ட்டின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி (ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்): அக்கா, என் வீட்டை வாடகைக்கு விடப் போகிறேன். வருகிறவர் மேல் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று நாடு முழுக்க ஒரே இடத்தில் தேட முடியுமா?

பதில்: முடியாது தம்பி. ஃபெடரல், அதாவது மத்திய அரசு கோர்ட் வழக்குகளுக்கு மட்டும்தான் பேசர் என்று ஒரே தளம் இருக்கிறது. வாடகை பாக்கி, கடன், காண்ட்ராக்ட் தகராறு, விவாகரத்து எல்லாம் மாநில கோர்ட் சமாச்சாரம், அது கவுண்டி கவுண்டியாக (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) தனித்தனியே கிடக்கிறது. டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டி. ஆகவே முதல் வேலை பெயரைத் தட்டுவது இல்லை, அந்த ஆள் எந்தெந்தக் கவுண்டியில் குடியிருந்தார் என்று எழுதிக்கொள்வது. உங்கள் ஊரையே பாருங்கள், ஃபிரிஸ்கோவில் ஒரு பகுதி காலின் கவுண்டி, இன்னொரு பகுதி டென்டன் கவுண்டி. இரண்டிலும் தேட வேண்டும்.

அப்புறம் டெக்சாஸில் ஒரு கவுண்டிக்குள்ளேயே மூன்று இடம். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கும் 20,000 டாலர் வரைக்குமான சின்ன வழக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்டில். கவுண்டி கோர்ட் வழக்குகள் கவுண்டி கிளார்க்கிடம், டிஸ்ட்ரிக்ட் கோர்ட் வழக்குகள் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். "தேடினேன், ஒன்றும் இல்லை" என்று வருகிறவர்கள் பெரும்பாலும் இதில் ஒன்றில் மட்டும் தேடியிருப்பார்கள். வாடகைக்காரர் விஷயத்தில் உங்களுக்கு முதலில் வேண்டியது ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட்தான்.

கலிஃபோர்னியா இந்த வகையில் சுலபம், 58 கவுண்டி, கவுண்டிக்கு ஒரு சுப்பீரியர் கோர்ட், முடிந்தது. நியூயார்க்கில் "சுப்ரீம் கோர்ட்" என்று பார்த்துப் பதறாதீர்கள். அங்கே அது முதன்முதலில் வழக்குப் போடும் கோர்ட்டின் பெயர். உச்சியில் இருப்பது கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். யார் வைத்த பெயரோ.

கேள்வி (அதே ஃபிரிஸ்கோ): 29 டாலர் கட்டினால் எல்லாம் எடுத்துத் தருகிறோம் என்று தளங்கள் வருகிறதே?

பதில்: நான் கட்ட மாட்டேன். அவர்களும் இதே கவுண்டிப் பதிவுகளைத்தான் மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறார்கள், பழசாகவும் இருக்கும், வேறு ஆளுடையதும் கலந்திருக்கும். ஒன்று மட்டும் கவனம்: வாடகைக்காரரைச் சோதிக்கும் கம்பெனியின் ரிப்போர்ட்டை வைத்து ஒருவரை வேண்டாம் என்றால், அதை அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஃபெடரல் சட்டமே இருக்கிறது.

கேள்வி (நியூ ஜெர்சி): கிரெடிட் ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் கோர்ட்டில் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: இல்லை. 2017 ஜூலையிலிருந்து அந்த ரிப்போர்ட்டைத் தரும் மூன்று பெரிய கிரெடிட் கம்பெனிகளும் சிவில் தீர்ப்புகளை ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துவிட்டன. தீர்ப்பு கோர்ட்டில் அப்படியேதான் இருக்கும்.

கேள்வி (ஹேவர்ட், கலிஃபோர்னியா): என் கணவர் பெயரைப் போட்டால் எதுவுமே வரவில்லை. ஆனால் 2019ல் ஒரு வழக்கு நடந்தது எங்களுக்கே தெரியும். என்ன தப்பு செய்கிறேன்?

பதில்: தப்பு உங்களிடம் இல்லை, நம் பெயர்களில் இருக்கிறது. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்கள் அத்தனை பேரும் இங்கேதான் முட்டி நிற்கிறார்கள்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயர் இனிஷியலாக நிற்கும். பாஸ்போர்ட்டில் அது விரிந்து குடும்பப் பெயர் ஆகிவிடும், அல்லது அந்தக் கட்டம் காலியாக விடப்படும். காலியாக இருந்தால் விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யு" என்று அடித்துவிடுவார்கள், அதாவது முதல் பெயர் தெரியாது என்று. அதே எழுத்து டிரைவிங் லைசென்ஸுக்குப் போய், வங்கிக்குப் போய், கடைசியில் வழக்கிலும் ஏறிவிடும். என் கண்ணால் பார்த்த ஒரு கோப்பில் பிரதிவாதியின் பெயரே "எஃப்என்யு முத்துக்குமார்". அவரோ முத்துக்குமாரை முதல் பெயர்க் கட்டத்தில் போட்டு மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தார்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். அவர் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுப் பாருங்கள், அடுத்து மாமனார் பெயரைப் போட்டுப் பாருங்கள், அடுத்து இரண்டையும் இடம் மாற்றி. ஆங்கில எழுத்துக்கூட்டலையும் மாற்றுங்கள்: சுப்ரமணியன் முடிவில் "என்" போட்டவரும் உண்டு, "எம்" போட்டவரும் உண்டு. லட்சுமிக்கு நடுவில் "எக்ஸ்" வருகிறதா "கேஎஸ்எச்" வருகிறதா? ழகரம் வந்தால் "இசட்எச்" ஒரு தடவை, வெறும் "எல்" ஒரு தடவை. பல தளங்களில் முதல் சில எழுத்தை அடித்து நட்சத்திரக் குறி போட்டால் மீதியை அதுவே நிரப்பித் தேடும், நீளமான பெயர்களுக்கு அதுதான் கைகொடுக்கும். இத்தனைக்கும் சிக்காவிட்டால் எதிர்த்தரப்பின் பெயரில் தேடுங்கள். பேங்க், அப்பார்ட்மென்ட் கம்பெனி பெயர்களில் இந்தத் தொல்லை குறைவு.

ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் விலாசத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். சோஷியல் செக்யூரிட்டி எண் கோப்பில் வந்தாலும் கடைசி நாலு இலக்கம்தான் இருக்கும்.

கேள்வி (ஃபிரிமாண்ட், கலிஃபோர்னியா): கிச்சனை இடித்துக் கட்ட ஒரு காண்ட்ராக்டரைப் பேசியிருக்கிறோம். அலமீடா கவுண்டியில் அவர் மேல் நாலு வழக்கு காட்டுகிறது. விட்டுவிடலாமா?

பதில்: எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், ஒவ்வொன்றையும் திறந்து முடிவைப் பாருங்கள். வழக்கு எண்ணைச் சொடுக்கினால் தேதி வாரியாக ஒரு பட்டியல் வரும். மேலே முதல் வரி புகார் தாக்கல், அதன் பிறகு சம்மன் சேர்த்த விவரம், பதில் மனு. கடைசி இரண்டு வரிதான் உங்களுக்கு வேண்டியது. தள்ளுபடி என்றிருந்தால், மறுபடி போட முடியாதபடி தள்ளுபடியா, மறுபடி போடலாம் என்ற தள்ளுபடியா என்று பாருங்கள். முதல் வகை என்றால் பெரும்பாலும் பேசி முடித்து ஏதோ கைமாறியிருக்கும். பதில் மனுவே இல்லாமல் தீர்ப்பு என்றால், நம்மூரில் எக்ஸ்பார்ட்டி என்பார்களே அதுதான், அவர் கோர்ட்டுக்கே வரவில்லை. எனக்கு அந்த ஒரு வரியே போதும், வேறு ஆளைப் பார்ப்பேன். அவரே வாதியாக இருந்து பணம் தராத வீட்டுக்காரர்மேல் போட்ட வழக்கும் அந்த நாலில் இருக்கலாம், அதையும் பிரித்துக்கொள்ளுங்கள்.

புகார் என்பது ஒரு பக்கத்துக் கதை, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். வழக்கே இல்லை என்பதும் நற்சான்று கிடையாது, பலருடைய ஒப்பந்தத்தில் தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன், அதாவது கோர்ட்டுக்கு வெளியே நடுவரை வைத்துத் தீர்ப்பது, என்று இருக்கும், அது கோர்ட்டுப் பட்டியலில் வராது. மாநில காண்ட்ராக்டர் லைசென்ஸ் போர்டிலும் லைசென்ஸ் எண்ணைப் போட்டுப் பாருங்கள். முன்பணமாகப் பத்து சதவீதம் அல்லது 1,000 டாலர், எது குறைவோ அதற்கு மேல் அவர் கேட்கக் கூடாது, கேட்டால் அதுவே ஒரு பதில்தான்.

கேள்வி (மதுரை): அம்மா, மகளுக்கு ஒரு வரன். பையன் கலிஃபோர்னியாவில் இருக்கிறார், முதல் திருமணம் விவாகரத்தாகிவிட்டது என்கிறார்கள். இங்கிருந்தே கோர்ட் பதிவைப் பார்க்க வழி உண்டா?

பதில்: ஐயா, கேட்டது ரொம்ப நல்லது, இதில் கூச்சமே வேண்டாம். கலிஃபோர்னியாவில் குடும்ப வழக்கின் காகிதங்களை வீட்டிலிருந்து இணையத்தில் திறக்க முடியாது, விதியே அப்படி. கோர்ட்டுக்கு நேரில் போய் அங்குள்ள கம்ப்யூட்டரில்தான் பார்க்கலாம். அதனால் நேர்வழி: பையனிடமே வழக்கு எண்ணையும் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும் கேளுங்கள். தர மனமிருந்தால் சில வாரங்களில் வந்துவிடும்.

நகல் கைக்கு வந்ததும் முதல் தாளைப் பாருங்கள். "எஃப்எல்-180" என்று ஃபாரம் எண் அச்சாகியிருக்கும், மேலே கோர்ட்டின் முத்திரை இருக்க வேண்டும். அதில் நாலாவது பகுதியில் திருமண பந்தம் எந்தத் தேதியோடு முடிகிறது என்று எழுதியிருக்கும். ஜட்ஜ் கையெழுத்துப் போட்ட தேதியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. எதிர்த்தரப்புக்கு சம்மன் சேர்ந்து ஆறு மாதம் ஆகாமல் அந்த மாநிலத்தில் பந்தம் முடியாது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் வைத்தால் செல்லாது. "பேப்பர் போட்டாச்சு, முடிஞ்ச மாதிரிதான்" என்று சொன்னால் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். (டெக்சாஸ் பையனாக இருந்தால் வேறு கணக்கு: தீர்ப்பான பிறகும் பொதுவாக 30 நாள் மறுமணம் கூடாது.)

முதல் கல்யாணம் இந்தியாவில் இந்து முறைப்படி நடந்தது என்றால், அமெரிக்க விவாகரத்து அங்கே செல்லுமா என்பது தனிக் கேள்வி. 1991ல் நம் உச்ச நீதிமன்றம் அதற்கு நிபந்தனைகள் சொல்லியிருக்கிறது. அதற்கு மதுரையிலேயே ஒரு வக்கீலைப் பாருங்கள்.

கேள்வி (சன்னிவேல், கலிஃபோர்னியா): என் விவாகரத்துத் தீர்ப்பு நகல் தொலைந்துபோச்சு அக்கா. குடியுரிமை விண்ணப்பத்துக்கு வேண்டும், சென்னையிலும் ஒரு வேலைக்கு வேண்டும்.

பதில்: மாநில சுகாதாரத் துறையிடம் கேட்டு நாளை வீணாக்காதீர்கள், 1984 ஜூனுக்குப் பிந்தைய விவாகரத்து எதுவும் அவர்களிடம் இல்லை. வழக்கு நடந்த சுப்பீரியர் கோர்ட் மட்டும்தான் தரும். சான்டா கிளாரா கவுண்டி என்றால் சான் ஹோசே வடக்கு முதல் தெருவில் இருக்கும் குடும்ப கோர்ட்.

விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு 15 டாலர். மற்ற சிவில் காகிதத்துக்குச் சான்றிட 40 டாலர், பக்கத்துக்கு 50 சென்ட் வேறு. நேரில் போனால் ஏர்போர்ட் மாதிரி சோதனை, சாவிக்கொத்தில் குட்டிக் கத்தி இருந்தால் காரிலேயே வைத்துவிட்டுப் போங்கள். தபாலில் கேட்பதானால் வழக்கு எண், வேண்டிய காகிதத்தின் பெயர், உங்கள் விலாசம் எழுதித் தபால்தலை ஒட்டிய கவர். எத்தனை பக்கம் என்று தெரியாவிட்டால் செக்கில் தொகையைக் காலியாக விட்டு "50 டாலருக்கு மிகாமல்" என்று எழுதி அனுப்பலாம், அவர்களே சரியான தொகையை நிரப்பிக்கொள்வார்கள். முதல் தடவை நானும் பயந்துகொண்டேதான் அனுப்பினேன்.

சென்னை வேலைக்கு அந்தச் சான்றிட்ட நகலின் மேல் மாநிலச் செயலரிடம் அப்போஸ்டில், அதாவது வெளிநாட்டில் ஏற்கும்படியான சான்று, வாங்க வேண்டும். சாதாரண ஜெராக்ஸில் போட மாட்டார்கள், அதனால் இரண்டு சான்றிட்ட நகலாகவே வாங்கிவிடுங்கள்.

கேள்வி (கேட்டி, டெக்சாஸ்): கதவில் ஒரு சம்மன் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள், பழைய கார்டு கடன் என்று. ஏமாற்று வேலையா நிஜமா?

பதில்: காகிதத்தில் இருக்கும் போன் நம்பருக்குக் கூப்பிடாதீர்கள். கோர்ட் பெயரையும் வழக்கு எண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த கோர்ட்டின் தளத்தை நீங்களே தேடிப் போய் எண்ணைப் போடுங்கள். கேட்டியும் ஒரே கவுண்டி இல்லை, ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் என்று மூன்றில் கிடக்கிறது, தாளில் எது போட்டிருக்கிறதோ அது.

வழக்கு நிஜம் என்றால் நாள் எண்ண ஆரம்பியுங்கள். ஜஸ்டிஸ் கோர்ட்டாக இருந்தால் சம்மன் கிடைத்ததிலிருந்து 14 நாளுக்குள் பதில். டிஸ்ட்ரிக்ட் அல்லது கவுண்டி கோர்ட் என்றால் 20 நாள் கழிந்து வரும் திங்கட்கிழமை காலை பத்து மணி. ஆமாம், மணிகூடச் சட்டத்தில் இருக்கிறது. கதவில் ஒட்டியது சரியில்லை என்று நீங்களே முடிவு செய்து சும்மா இருந்துவிடாதீர்கள், டெக்சாஸில் ஜட்ஜ் அனுமதித்தால் அப்படி ஒட்டலாம்.

கேள்வி (சான்டா கிளாரா): வாடகை தாமதமானதால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி எவிக்‌ஷன் போட்டார்கள், பணம் கட்டி வாபஸும் வாங்கிவிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் கண்ணில் படுமா?

பதில்: கலிஃபோர்னியாவில் அந்த வழக்கு முதல் 60 நாள் மூடியே இருக்கும். அதற்குள் வீட்டுக்காரர் ஜெயித்தால்தான் பொதுவில் திறக்கும். வாபஸ் என்றால் பயம் இல்லை. ஆனாலும் தள்ளுபடிக் காகிதம் கோர்ட்டில் ஏறிவிட்டதா என்று உங்கள் வழக்கு எண்ணோடு போய் ஒருமுறை கேட்டுவிடுங்கள், பேச்சில் வாபஸ் வாங்கிவிட்டுத் தாக்கல் செய்ய மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். மற்ற மாநிலங்கள் எல்லாம் இப்படி இல்லை.

கேள்வி (சியாட்டில்): வாங்கப் போகும் வீட்டின்மேல் கடன் இருக்கிறதா என்று எந்த கோர்ட்டில் பார்ப்பது?

பதில்: முதலில் பார்க்க வேண்டியது கோர்ட் இல்லை. நம்மூரில் வில்லங்கம் போட சார்பதிவாளர் ஆபீசுக்குத்தானே போவோம், அதே மாதிரி இங்கே கவுண்டி ரெக்கார்டர் ஆபீஸ். உங்களுக்குக் கிங் கவுண்டி. விற்கிறவர் திவாலாகியிருக்கிறாரா என்பது மட்டும் ஃபெடரல், அதற்குப் பேசர்: பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் பார்த்தால் பில்லே வராது.