களிமண் தட்டு சுட மலிவான ஷாட்கன் போதுமா, விலை உயர்ந்ததுதான் வேண்டுமா?

மாதம் இரண்டு முறை நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய் ட்ராப், ஸ்கீட் (பறக்கும் களிமண் தட்டைச் சுடும் இரண்டு ஆட்ட வகைகள்) சுடுகிறேன், போட்டிக்குப் போகும் எண்ணமில்லை, இதுவரை கிளப் துப்பாக்கிதான், இப்போது சொந்தமாக ஒரு ஓவர்-அண்டர் (மேலும் கீழுமாக இரண்டு குழல் உள்ள ஷாட்கன்) வாங்க வேண்டும், மலிவானதா பெரிய பெயருள்ளதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில், இரண்டும் வேண்டாம். பணம் குறைவு என்றால் கேஸ் அழுத்தத்தில் இயங்கும், ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் நல்ல செமி-ஆட்டோ ஒன்றை வாங்குங்கள். ஓவர்-அண்டரில்தான் மனம் நிற்கிறது என்றால் நடுத்தர விலையில் நிலைத்துப் பெயரெடுத்த மாடலை, அடுத்தவர் கைமாறி வந்ததாக இருந்தாலும், வாங்குங்கள். நான் உறுதியாகத் தவிர்க்கச் சொல்வது, கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த புது ஓவர்-அண்டரைத்தான். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கையில் எடுக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓவர்-அண்டர் பார்வைக்கு எளிய பொருள். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு குழல், ஒரு கீல், ஒரு பூட்டு. ஆனால் அதை ஒழுங்காகச் செய்வது கடினம். இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் அடிக்க வேண்டும். ஒட்டும்போது கோணம் துளி விலகினாலும், கீழ்க்குழல் தட்டை உடைக்கும், மேல்குழல் ஓர் அடி தள்ளி அடிக்கும். இரண்டாவது தட்டு ஏன் தவறுகிறது என்று சுடுகிறவர் தன் கையையே சந்தேகித்துக்கொண்டிருப்பார். ட்ரிகரிலும் இப்படி ஒன்று உண்டு. பல ஓவர்-அண்டர்களில் முதல் வெடியின் உதைதான் ட்ரிகரை இரண்டாவது குழலுக்கு மாற்றிக் கொடுக்கிறது. அந்த அமைப்பு சரியாகச் சீர்செய்யப்படாவிட்டால், 24 கிராம் குண்டு மட்டும் உள்ள மென்மையான தோட்டாவில் இரண்டாவது குழல் வெடிக்காமல் நின்றுவிடும். இதெல்லாம் அனுபவமுள்ள ஆள் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டிய வேலை. விலையைக் குறைக்கும்போது முதலில் அடிபடுவது அந்த நேரம்தான்.

அப்புறம் எடை. மலிவான ஓவர்-அண்டர்களில் பல, வேட்டைக்காக லேசாகச் செய்யப்பட்டவை. காட்டில் நாள் முழுக்கத் தூக்கி நடக்க அது நல்லது. ரேஞ்சில் அப்படியில்லை. ஒரே தோட்டாவை 3.8 கிலோ துப்பாக்கியில் சுடுவதைவிட 3 கிலோ துப்பாக்கியில் சுட்டால் உதையின் ஆற்றல் கால் பங்குக்கு மேல் கூடும். நூறாவது தோட்டாவில் தோள் அதைச் சொல்லிவிடும். வலிக்குப் பயந்து ட்ரிகரை அழுத்தும் நொடியில் உடல் தானாகவே சுருங்கும் பழக்கம் வந்துவிட்டால், அதைப் போக்க மாதக்கணக்கில் ஆகும்.

எண்ணிக்கையையும் யோசியுங்கள். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. மாதம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் நான்கு சுற்று என்றால் ஆண்டுக்கு 2,400 தோட்டா. வேட்டைக்காரர் பலர் பல ஆண்டுகளில் சுடுவது அது. "எப்போதாவதுதான் சுடுவேன்" என்று நீங்கள் சொன்னாலும், துப்பாக்கியின் கணக்கில் அது கடும் உழைப்பு.

கேஸ் செமி-ஆட்டோ இந்தச் சிக்கல்களில் பலவற்றுக்கு அமைப்பிலேயே பதில் வைத்திருக்கிறது. ஒரே குழல் என்பதால் இரண்டு குழல்கள் விலகும் பேச்சே இல்லை. வெடிக்கும் வாயுவில் கொஞ்சத்தை எடுத்து அடுத்த தோட்டாவை ஏற்றப் பயன்படுத்துவதால் உதை சற்று நீண்டு பரவி, தோளுக்கு மென்மையாகத் தெரியும். பாகங்கள் பெரும்பாலும் இயந்திரத்தில் வெட்டி எடுப்பவை, ஆகவே குறைந்த விலையிலும் தரம் அதிகம் சரிவதில்லை. பெரெட்டாவின் ஏ300 வரிசை இதற்கு நல்ல உதாரணம். ரெமிங்டன் 1100 பல பத்தாண்டுகளாக ஸ்கீட் மைதானங்களில் இருக்கிறது.

குறைகளும் உண்டு. கேஸ் பாகங்களை ஒழுங்காகச் சுத்தம் செய்ய வேண்டும். காலித் தோட்டா வலப்பக்கம் தெறித்து அடுத்த நிலையில் நிற்பவர் மேல் விழலாம், அதைப் பிடித்து நிறுத்த ஒரு சிறு கிளிப் கிடைக்கும். ஓவர்-அண்டரை மடக்கித் திறந்துவிட்டால் அது காலி என்று எல்லோருக்கும் தூரத்திலிருந்தே தெரியும். செமி-ஆட்டோவில் அந்த வெளிப்படைத்தன்மை இல்லை என்பதால் சில கிளப்களில் அதை விரும்ப மாட்டார்கள். இரண்டு வெவ்வேறு சோக் (குழல் வாயைச் சற்றுக் குறுக்கி, குண்டுகள் பரவும் அளவைக் கட்டுப்படுத்துவது) வைக்கவும் முடியாது. நாட்டுச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1996-க்குப் பிறகு செமி-ஆட்டோ ஷாட்கன்கள் கடும் கட்டுப்பாட்டுக்குள் போய்விட்டன. உங்கள் ஊர் நிலைமை அப்படி என்றால் பழைய நடுத்தர ஓவர்-அண்டர்தான் வழி. பம்ப் துப்பாக்கி வேலை செய்யும், ஆனால் ஸ்கீட்டில் இரண்டு தட்டு ஒன்றாக வரும்போது இடையில் கையை இழுத்துத் தள்ள வேண்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் அது ஒரு கூடுதல் சுமை.

சரி, விலை உயர்ந்ததில் என்னதான் கிடைக்கிறது? வேகமோ தூரமோ கூடுவதில்லை. குண்டின் வேகம் தோட்டாவைப் பொறுத்தது. மாடிஃபைட் சோக் (நடுத்தரக் குறுக்கம்) என்றால் 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் ஏறக்குறைய 60 சதவீதக் குண்டுகள் விழ வேண்டும் என்பது எல்லோருக்கும் பொதுவான அளவுகோல், விலை உயர்ந்த துப்பாக்கிக்குத் தனி அளவுகோல் இல்லை. கிடைப்பது வேறு. பெராட்ஸி, கிரீகாஃப் போன்ற விலை உயர்ந்த துப்பாக்கிகள் பல பத்தாயிரம் தோட்டாவுக்குப் பிறகும் இறுக்கமாக இருக்கும். தேய்ந்த பூட்டுப் பாகத்தை மாற்றி மீண்டும் புதிது போலாக்க முடியும். பெராட்ஸி எம்எக்ஸ்8-இல் ட்ரிகர் பகுதியை அப்படியே கழற்றி எடுக்கலாம், போட்டி நடுவில் ஸ்பிரிங் உடைந்தால் நொடியில் வேறொன்றைச் செருகலாம். எடை இரண்டு கைகளுக்கும் நடுவில் அமைந்து, குழல் தட்டைத் துரத்தும்போது குலுங்காமல் ஓடும். அந்த ஓட்டத்தை ஒருமுறை உணர்ந்தவர்கள் ஏன் அவ்வளவு பணம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆண்டுக்குப் பல பத்தாயிரம் தோட்டா சுடுகிறவருக்கு அது நியாயமான செலவு.

ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் பணம் போவது செதுக்கு வேலைக்கும் வால்நட் மரத்தின் ரேகைக்கும்தான். பெரெட்டாவின் 686, 687 வரிசையில் விலை ஏற ஏற அலங்காரமும் மரமும் மாறும், அடிப்படை இயந்திரம் ஒன்றே. பிரவுனிங் சிட்டோரியின் தரவரிசையும் அப்படித்தான். அழகுக்காக வாங்குவது தவறே இல்லை. அதற்காகத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமானது பொருத்தம். ஷாட்கன்னில் பின்னால் குறிமுள் கிடையாது, உங்கள் கண்தான் அந்த இடத்தில் இருக்கிறது. கன்னம் படியும் பின்கட்டையின் மேல்விளிம்பு கால் அங்குலம் உயர்ந்தால் கண்ணும் கால் அங்குலம் உயரும், குண்டும் மேலே போகும். இதைப் பார்க்க எளிய வழி, பெரிய தாளை 16 கஜத்தில் கட்டி, மையத்தைக் குறித்து, நிதானித்துக் குறிபார்க்காமல் தோளுக்கு ஏற்றிய உடனே பலமுறை சுடுவது. கூட்டத்தின் நடு 1 அங்குலம் விலகியிருந்தால் கட்டையில் 1/16 அங்குலம் மாற்ற வேண்டும். 4 அங்குலம் விலகினால் கால் அங்குலம். செமி-ஆட்டோக்களில் பலவற்றோடு இதற்கான ஷிம்கள் (கட்டையின் கோணத்தை மாற்றும் மெல்லிய தகடுகள்) பெட்டியிலேயே வரும், நீங்களே மாற்றலாம். இப்படிப் பொருத்திய சாதாரணத் துப்பாக்கியோடு, உடலுக்குப் பொருந்தாத உயர்ரகத் துப்பாக்கி தட்டு எண்ணிக்கையில் ஈடுகொடுக்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாங்கும் முன் எந்தக் கண் ஆதிக்கக் கண் (குறிபார்க்கும்போது மூளை முதலில் நம்பும் கண்) என்பதையும் பார்த்துவிடுங்கள். வலத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடக்கண் ஆதிக்கம் இருந்தால், எந்தத் துப்பாக்கி வாங்கினாலும் அந்தச் சிக்கல் கூடவே வரும்.

பழைய ஓவர்-அண்டர் பார்க்கப் போகிறீர்கள் என்றால், முதலில் துப்பாக்கி காலி என்று நீங்களே திறந்து உறுதிசெய்யுங்கள். பிறகு முன்கட்டையைக் கழற்றிவிட்டு, மூடிய நிலையில் பின்கட்டையைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். கீலில் கடகடப்பு தெரிந்தால் விட்டுவிடுங்கள். மேலே இருக்கும் திறப்பு நெம்புகோல் புதிதில் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் சாய்ந்திருக்கும், தேயத் தேய இடப்பக்கம் நகரும். அது நடுவைத் தாண்டியிருந்தால் பூட்டு நிறைய உழைத்திருக்கிறது. குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பள்ளம், நெளிவு இருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் கீறல் இருந்தால் பொருட்படுத்தாதீர்கள், ஆனால் கட்டை இரும்போடு சேரும் இடத்தில் வெடிப்பு இருந்தால் வாங்காதீர்கள். முடிந்தால் இரண்டு குழல்களையும் தாளில் சுட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

மிச்சப்படும் பணத்தில் நல்ல காதுக்காப்பும் கண்ணாடியும் வாங்குங்கள், ஒரு பயிற்சியாளரிடம் சில வகுப்புகள் போங்கள், மீதிக்கு 24 கிராம் தோட்டா. ஒலிம்பிக்கிலேயே அதற்கு மேல் அனுமதி இல்லை, நமக்கும் அது தாராளம். எதை வாங்குவதாக இருந்தாலும் ரேஞ்சில் யாராவது அதே மாடல் வைத்திருந்தால் ஒரு சுற்று கேட்டு வாங்கிச் சுட்டுப் பாருங்கள். சுடுகிறவர்கள் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள், தோட்டாவை மட்டும் நீங்கள் கொண்டுபோங்கள்.