அட்வான்ஸ் பிடித்தால் சம்பளம் குறையுமா?

கேள்வி: திருப்பூரில் 12 பேரை வைத்து பவர் டேபிள் (துணி தைக்கும் பட்டறை) நடத்துகிறேன். தீபாவளிக்குக் கொடுத்த அட்வான்ஸைச் சனிக்கிழமை தோறும் கூலியில் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுத்து, கொடுத்ததை மட்டும் நோட்டில் எழுதுகிறேன். ஆடிட்டர் இது கணக்கே இல்லை என்கிறார். ஏன் ஐயா?

பதில்: ஆடிட்டர் சொல்வது சரிதான். தீபாவளிக்கு நீங்கள் கொடுத்த அட்வான்ஸ் செலவு அல்ல, தொழிலாளி உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி. வாரக்கூலி 4,200, பிடித்தம் 500 என்றால், உங்கள் நோட்டில் 3,700 என்றுதான் இருக்கும், ஆனால் சம்பளச் செலவு முழு 4,200, அந்த 500 அட்வான்ஸ் கணக்கில் வரவு, கையில் கொடுத்தது 3,700 என்று ஒரே வரியில் மூன்று கட்டமாக எழுதுங்கள், எதிரில் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் இஎஸ்ஐ, அதாவது தொழிலாளருக்கான அரசு மருத்துவக் காப்பீடு. 10 பேரைத் தாண்டிவிட்டீர்கள், மாதச் சம்பளம் 21,000 வரை உள்ள எல்லோருக்கும் கட்ட வேண்டும். நாலு வாரத்துக்கு 16,800 என்றால் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், அதாவது 126 ரூபாய், உங்கள் பங்கு 3.25 சதவீதம், 546 ரூபாய். பிடித்தம் போக 14,800-க்குக் கணக்குப் போட்டால் குறைத்துக் கட்டியதாகிவிடும். அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். நாளைக்கே அந்தத் தொழிலாளியின் மனைவிக்குப் பிரசவம் என்றால் இந்த இஎஸ்ஐ பதிவுதான் கைகொடுக்கும், அதில் அலட்சியம் வேண்டாம்.

ரொக்கமாக ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை ஏற்க மாட்டார்கள். போனஸ் அந்த அளவைத் தாண்டினால் வங்கியிலேயே போட்டுவிடுங்கள்.