சதுக்கத்தை எப்படி விற்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை கிடைத்து ஸ்பெயினின் வலென்சியா வந்திருக்கிறேன். செல்பேசிச் செயலி ஒன்றில் ஸ்பானிஷ் படிக்கிறேன். ‘பிளாசா’ என்றால் சதுக்கம் என்று அது சொல்லிக்கொடுத்தது. ஆனால் எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் ‘பிளாசா விற்பனைக்கு’ என்று ஒட்டியிருக்கிறார்கள். அலுவலக நண்பர், தன் மனைவிக்கு பிளாசா கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் கேக் கொடுத்தார். இதெல்லாம் ஒரே சொல்தானா?

ரா., வலென்சியா

அன்புள்ள ரா.,

ஒரே சொல்தான். லிஃப்டில் விலைக்கு வந்திருப்பது கார் நிறுத்துமிடம். நண்பரின் மனைவிக்குக் கிடைத்தது பெரும்பாலும் நிரந்தர அரசுப் பணியிடம். அதற்கு ‘ஒபொசிசியோனெஸ்’ என்ற போட்டித் தேர்வு உண்டு. வருடக்கணக்கில் வீட்டிலேயே உட்கார்ந்து படிப்பார்கள். டிஎன்பிஎஸ்சி எழுதிய குடும்பத்துக்காரர்களுக்கு அந்தக் கேக்கின் அருமை தெரியும்.

சொல்லின் வேர் லத்தீனின் ‘பிளாத்தேயா’, அகலமான தெரு. அது ஊர் நடுவிலுள்ள திறந்தவெளி ஆயிற்று. கூடவே, ஒருவருக்கென்று ஒதுக்கிய இடம் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. படையில் சிப்பாயாகப் பெயர் பதிவதை ‘சென்தார் பிளாசா’ என்பது பழைய வழக்கு. இன்று ஐந்து பேர் உட்காரும் கார் ஐந்து பிளாசா கார். பயிற்சி வகுப்பு விளம்பரத்தில் ‘பிளாசாக்கள் குறைவு’ என்று போடுவார்கள். நாம் பஸ்ஸிலும் ‘இடம்’ பிடிக்கிறோம், காலேஜிலும் ‘இடம்’ வாங்குகிறோம், அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்தது காளைச் சண்டை அரங்கு. மாட்ரிட்டின் லாஸ் வென்தாஸ் அரங்கம் வட்டமானது, ஆனாலும் அது ‘பிளாசா தெ தோரோஸ்’தான், அதாவது காளைகளின் சதுக்கம். ஒரு காலத்தில் காளைகளை ஊர்ச் சதுக்கத்திலேயே விட்டார்கள். 1619இல் கட்டி முடித்த மாட்ரிட்டின் பிளாசா மயோரில் சந்தை, காளைச் சண்டை, மதவிசாரணைத் தீர்ப்பு, மரண தண்டனை எல்லாமே நடந்தன. பணமுள்ளவர்கள் பால்கனியில் நின்று பார்த்தார்கள். காளைக்குத் தனி அரங்கு வந்த பிறகும் பெயர் மட்டும் கூடவே போய்விட்டது. மாட்ரிட்டுக்குப் பக்கத்துச் சின்சோனில் இன்றும் ஊர்ச் சதுக்கத்தையே அடைத்து அரங்காக்குகிறார்கள். முடிந்தால் ஒருமுறை போய் வாருங்கள், காளை இல்லாத நாளில்.

அமெரிக்கக் கண்டத்தில் ஊர் கட்டப் போனவர்களுக்கு ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப் 1573இல் விதிமுறையே எழுதிக் கொடுத்தார். முதலில் பிளாசாவை அளந்து குறிக்க வேண்டும், பிறகுதான் தெரு. நீளம் அகலத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும், குதிரை விழாக்களுக்கு அதுதான் தோது. 600 அடிக்கு 400 அடி நல்ல அளவு. கடற்கரை ஊரானால் கப்பல் துறையருகே, உள்நாடானால் நட்டநடுவில். மனிதர்கள் வருமுன்பே அவர்கள் எங்கே கூட வேண்டும் என்று அரசர் முடிவுசெய்துவிட்டார்.

எங்கே கூடக் கூடாது என்றும் பின்னால் வந்தவர்கள் முடிவுசெய்தார்கள். 1977 ஏப்ரல் 30 அன்று, அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சியில் காணாமல் போன பிள்ளைகளைத் தேடிப் பதினான்கு தாய்மார்கள் தலைநகர் புவெனோஸ் ஐரெஸின் பிளாசா தெ மாயோவுக்கு வந்தார்கள். கூட்டமாக நிற்கத் தடை என்று சொல்லி, நடந்துகொண்டே இருக்கும்படி விரட்டியது போலீஸ். நடந்தார்கள், நடுவிலிருக்கும் நினைவுத்தூணைச் சுற்றிச் சுற்றி. பிறகு அது வியாழக்கிழமை வழக்கமாயிற்று. ‘பிளாசா’ என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது மாட்ரிட் அல்ல, இதுதான்.

பேச்சில் பொருள் பிரிக்க வினையைக் கவனியுங்கள். பிளாசாவுக்குப் ‘போனால்’ சதுக்கம், சில ஊர்களில் காய்கறிச் சந்தை. பிளாசா ‘எடுத்தால்’ வேலை. மெக்சிகோ செய்திகளில் கடத்தல் கும்பல்கள் பிளாசாவுக்காக அடித்துக்கொண்டால் அது அவர்கள் ஆளும் வட்டாரம். அப்புறம், நம்மூர் டோல் பிளாசாவை நம்பி அங்கே நெடுஞ்சாலையில் பிளாசா எங்கே என்று கேட்டுவிடாதீர்கள். அது ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தது. ஸ்பெயினில் சுங்கச்சாவடிக்கு ‘பெஆஹே’ என்று பெயர்.