புதிய 3 சீரிஸா, பழைய 5 சீரிஸா?

கேள்வி: பல வருடமாகச் சின்ன ஹேட்ச்பேக்தான் ஓட்டுகிறேன். இப்போது கையில் இருக்கும் பணத்துக்குப் புதிய பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் வரும், இல்லையென்றால் நாலு வருடம் ஓடிய 5 சீரிஸோ மெர்சிடிஸ் இ-கிளாஸோ வரும். வீட்டில் நாலு பேர், அம்மாவுக்கு முழங்கால் வலி. பழைய சொகுசுக் கார் வாங்குவது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மை. இந்த ரகக் கார்களின் விலை முதல் மூன்று நாலு வருடத்தில்தான் மளமளவென்று இறங்கும், அந்த நஷ்டத்தை முதல் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டுவிடுகிறார், அதனால்தான் உங்கள் பணத்துக்கு 5 சீரிஸ் எட்டுகிறது. ஆனால் கார் பாதி விலைக்கு இறங்கிவிட்டது என்பதற்காக அதன் பிரேக் டிஸ்க்கோ, ஹெட்லைட்டோ, மெக்கானிக்கின் கூலியோ பாதியாக இறங்குவதில்லை. புதிதாக இருந்தபோது அது எவ்வளவு விலையோ அதற்கேற்ற பராமரிப்புச் செலவுதான் கடைசிவரை. எல்இடி ஹெட்லைட் பழுதானால் பல மாடல்களில் பல்ப் மட்டும் மாற்ற முடியாது, முழு விளக்கையே மாற்ற வேண்டும்.

அதனால் என் கணக்கு இதுதான். கையில் இருக்கும் பணம் முழுவதையும் காருக்கே கொடுத்துவிடாதீர்கள். வாங்குகிற விலையில் பத்தில் ஒரு பங்காவது முதல் வருடச் செலவுக்கென்று தனியாக இருக்கட்டும். அப்படி ஒதுக்கிய பிறகும் நல்ல 5 சீரிஸ் எட்டுகிறது என்றால் தயங்காமல் அதை வாங்கலாம். எட்டவில்லை என்றால் இன்னும் பழைய மாடலுக்கு இறங்காதீர்கள், 3 சீரிஸே போதும். புதிய காரை எட்டு பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறவர் என்றால் புதிதே நியாயம்தான். மூன்று வருடத்தில் மாற்றிவிடுகிற பழக்கம் உள்ளவர் புதிதாக வாங்குவது பணத்தைக் கரைக்கிற வேலை.

இட விஷயத்தில் வித்தியாசம் நிஜமாகவே பெரிது. 2017-இல் வந்த 5 சீரிஸ் 4.94 மீட்டர் நீளம், 2019-இல் வந்த 3 சீரிஸ் 4.71 மீட்டர். இந்த 23 சென்டிமீட்டரில் 12 சென்டிமீட்டர் முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் கிடைக்கிறது, பின்சீட்டில் உட்காருகிறவரின் முழங்காலுக்கு அது தெரியும். ஆனால் அம்மாவுக்கு உட்கார்ந்த பிறகு கிடைக்கிற இடத்தைவிட, ஏறி இறங்குவதுதான் கஷ்டமாக இருக்கும். செடான்கள் எல்லாமே தாழ்வானவை. விலை பேசுவதற்கு முன் அவரையும் கூட்டிக்கொண்டு போய் நாலைந்து தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள், கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, தலை இடிக்கிறதா, இறங்கும்போது கை ஊன்ற எங்கே இடம் இருக்கிறது என்று பாருங்கள். அவர் முகம் சுளித்தால் அந்தக் கார் வேண்டாம், அது எவ்வளவு நல்ல கார் என்றாலும் சரி.

கேள்வி: ஆறு வருடப் பழைய இ-கிளாஸ் ஒன்று பார்த்தேன். மிகக் குறைவாகத்தான் ஓடியிருக்கிறது. "ஓடவே இல்லை, அதனால் சர்வீஸும் பெரிதாகச் செய்யவில்லை" என்கிறார் விற்பவர். நல்ல வாய்ப்புதானே?

பதில்: இல்லை. கார் ஓடாவிட்டாலும் காலம் ஓடுகிறது. பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். எஞ்சின் ஆயிலுக்கும் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் உண்டு. ரப்பர் புஷ்கள், கேஸ்கெட்டுகள், பேட்டரி எல்லாம் நிறுத்தி வைத்தாலும் வயதாகிறவைதான். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் தயாரித்தது என்று அர்த்தம். பட்டன் தேயாமல் புதிதுபோல இருக்கிற டயர் ஆறு வருடப் பழையது என்று அப்படித்தான் தெரியவரும்.

டீசல் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள நல்ல சூட்டில், சீரான வேகத்தில், கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்தே காலம் கழித்த கார் அந்தச் சூட்டைப் பார்த்திருக்காது. நெடுஞ்சாலையில் இரண்டு மடங்கு ஓடி, ஒவ்வொரு சர்வீஸுக்கும் பில் வைத்திருக்கிற கார் இதைவிட எவ்வளவோ மேல்.

அப்புறம் அந்தக் குறைந்த கிலோமீட்டர் உண்மைதானா என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் தோல் வழவழப்பாகப் பளபளக்கிறதா, ஓட்டுநர் சீட்டின் கதவுப் பக்க விளிம்பு நசுங்கியிருக்கிறதா, பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருக்கிறதா? மீட்டரில் எண்ணைத் திருத்துகிறவர்கள் இவற்றை எல்லாம் மாற்றுவதில்லை. பல பிஎம்டபிள்யூ கார்களின் சாவியிலேயே ஓடிய தூரம் பதிவாகும், நிறுவன சர்வீஸ் சென்டரில் சாவியைக் கொடுத்தால் படித்துச் சொல்லிவிடுவார்கள். மற்ற கார்களிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் தூரம் பதிவாவதுண்டு, காரின் கணினியோடு இணைத்துப் படிக்கிற நல்ல ஸ்கேனர் கருவி அதை எடுத்துவிடும்.

கேள்வி: பழைய கார் பார்க்கப் போகும்போது நானே என்னென்ன கவனிக்கலாம்? எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது.

பதில்: தெரியாவிட்டால் பரவாயில்லை, கண்ணும் காதும் மூக்கும் போதும். முதல் விஷயம், நான் வருவதற்கு முன் காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பி வந்தாலும் தப்பில்லை. ஏனென்றால் குளிர்ந்த எஞ்சின் எழும்புகிற முதல் சில நொடிகளில்தான் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குகிற டைமிங் செயின் தளர்ந்த கடகட சத்தம் கேட்கும். ஆயில் ஏறியதும் சத்தம் அடங்கிவிடும், சூடான எஞ்சினில் அது கேட்காமலே போய்விடலாம். அந்த நேரத்தில் ஒருவர் ஸ்டார்ட் செய்யட்டும், நீங்கள் வெளியே நில்லுங்கள், பின்னால் நீலப் புகை வருகிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது.

ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பைகள் தாங்குகிற ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார் என்றால் ராத்திரி முழுக்க நின்ற நிலையில் பார்ப்பது நல்லது. நாலு சக்கரத்துக்கும் மேலே உள்ள இடைவெளி ஒரே அளவா? ஒரு மூலை மட்டும் உட்கார்ந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது.

கதவுக் கீல், பானெட், முன் ஃபெண்டர் போல்ட்டுகளின் தலையைக் குனிந்து பாருங்கள். தொழிற்சாலையில் போட்ட பெயின்ட் அப்படியே மூடியிருக்க வேண்டும். ஸ்பேனர் பட்டு விளிம்பில் பெயின்ட் உரிந்திருந்தால் அந்தப் பாகத்தை யாரோ கழற்றியிருக்கிறார்கள். கண்ணாடிகளின் மூலையில் இருக்கும் முத்திரைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள், ஒன்று மட்டும் வேறு வருடம் என்றால் அது மாற்றப்பட்டது. கல் பட்டும் உடைந்திருக்கலாம், விபத்தாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள், பதில் எப்படி வருகிறது என்பதிலேயே பாதி தெரிந்துவிடும். டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கி அடியில் ஈரமோ துருவோ இருக்கிறதா என்று பாருங்கள், முன் கார்பெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். சன்ரூஃப் தண்ணீர் வடியும் குழாய் அடைத்தால் அது உள்ளே இறங்கும், இந்தக் கார்களில் கார்பெட்டுக்கு அடியிலும் டிக்கியின் ஓரங்களிலும் எலெக்ட்ரானிக் பெட்டிகள் நிறைய இருக்கின்றன.

ஸ்கேனர் போட்டு "பிழையே இல்லை பாருங்கள்" என்று விற்பவர் காட்டினால் அதோடு விடாதீர்கள். பிழைகளை அழித்துவிட்டுக் காட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அழித்தால், வண்டி தனக்குத்தானே செய்துகொள்ளும் புகைச் சோதனைகளின் முடிவும் சேர்ந்து அழிந்துவிடும், அவை மறுபடி முடிய கொஞ்ச தூரம் விதவிதமாக ஓட்டியாக வேண்டும். எனவே பிழை இல்லை, சோதனைகளும் "முடியவில்லை" என்று ஸ்கேனர் சொன்னால் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். பேட்டரியைக் கழற்றினாலும் இப்படி ஆவதுண்டு, காரணத்தைக் கேளுங்கள்.

இவ்வளவும் பார்த்துப் பிடித்துப்போனால், அந்த பிராண்டில் கைதேர்ந்த, விற்பவருக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மெக்கானிக்கிடம் உங்கள் செலவில் காட்டுங்கள். காரை அங்கே அனுப்ப விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது.

கேள்வி: எந்த எஞ்சினைத் தவிர்க்க வேண்டும்?

பதில்: பழைய கார் வாங்கும்போது பிராண்டைவிட எஞ்சின்தான் முக்கியம், ஒரே 5 சீரிஸில் தங்கமும் உண்டு, தலைவலியும் உண்டு. பிஎம்டபிள்யூவில் 2007-இல் வந்த என்47 டீசலில் டைமிங் செயின் எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. அது தேய்ந்தால் மாற்றுவதற்கே பெரிய பிரிப்பு வேலை. 2015 வரை வந்த 528ஐ காரின் என்20 பெட்ரோலில் செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் வழிகாட்டி உடைகிற புகார் உண்டு. 550ஐ-இன் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினில் டர்போக்கள் எஞ்சினின் நடுப்பள்ளத்திலேயே இருக்கின்றன, அந்தச் சூட்டில் வால்வ் சீல்கள் கெட்டித்து ஆயில் குடிக்கும். மெர்சிடிஸில் 2004-இல் வந்த எம்272 வி6-இன் ஆரம்பகால எஞ்சின்களில் அதிர்வைக் குறைக்கிற பேலன்ஸ் ஷாஃப்டின் பல்சக்கரம் சீக்கிரம் தேயும். ஆடியில் 2009, 2010 வாக்கில் வந்த 2.0 டிஎஃப்எஸ்ஐ, பிஸ்டன் ரிங் காரணமாக ஆயில் குடிப்பதற்குப் பேர்போனது. இவற்றில் சரிசெய்த கார்களும் ஓடுகின்றன, ஆனால் பில் இல்லாமல் "மாற்றியாச்சு" என்ற வாய்வார்த்தையை நம்பி வாங்காதீர்கள்.

பிஎம்டபிள்யூவிலேயே பி58 என்ற ஆறு சிலிண்டர் பெட்ரோல் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. 540ஐ-இல் வருவது அதுதான். பெட்ரோல் செலவு தாங்கும் என்றால் அதைத்தான் நான் தேடுவேன்.

கேள்வி: கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறாரே சர்வீஸ் ஆலோசகர்?

பதில்: மாற்ற வேண்டும். பிஎம்டபிள்யூ, ஆடி, ஜாகுவார் எனப் பலரும் பயன்படுத்துகிற 8 கியர் ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கிற இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. தயாரித்தவர் பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு வேகம் வேண்டாம். சத்தமில்லாமல், தொல்லையில்லாமல் பத்து வருடம் ஓட வேண்டும்.

பதில்: லெக்சஸ் இஎஸ் 300ஹெச், பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டுகிற ஹைபிரிட் கார். இதில் நான் இரண்டாவது பேர் சொல்லப்போவதில்லை. 2.5 லிட்டர் டர்போ இல்லாத எஞ்சின், இரண்டு மின்மோட்டார், நடுவில் சூரியனைக் கோள்கள் சுற்றுவதுபோலச் சுழலும் பல்சக்கர அமைப்பு. தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் கிடையாது, கெட்டுப்போக பாகங்களே குறைவு. முன்சக்கர இழுவை, வளைவுகளில் 5 சீரிஸ் தருகிற சந்தோஷம் இதில் வராது, உங்களுக்கு அது தேவையும் இல்லை. பழையது வாங்கினால் ஒன்று மட்டும் செய்யுங்கள். ஹைபிரிட் பேட்டரியைக் குளிர வைக்கிற காற்று, பின்சீட்டுப் பக்கத்தில் இருக்கும் துளை வழியாக உள்ளே போகிறது, அங்கே தூசியும் நாய்முடியும் அடைத்திருந்தால் பேட்டரி சூடாகி ஆயுள் குறையும். சுத்தம் செய்யச் சொல்லுங்கள், அந்தத் துளைமேல் பையோ போர்வையோ வைக்காதீர்கள்.

கேள்வி: 20 அங்குலச் சக்கரம் போட்ட கார் ரொம்ப அழகாக இருக்கிறது...

பதில்: அழகுதான். ஆனால் டயரின் பக்கச்சுவர் மெலிதாக இருக்கும், ஒரு குழியில் விழுந்தாலே ரிம் வளையும், பயணமும் கட்டையாக இருக்கும். 18 அங்குலமே போதும். பல பிஎம்டபிள்யூவில் ஸ்டெப்னி கிடையாது, ரன்-ஃபிளாட் டயர்தான், காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் போகலாம். யாராவது சாதா டயருக்கு மாற்றியிருந்தால் அந்த வசதியும் போயிற்று, ஸ்டெப்னியும் இல்லை, அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

கேள்வி: அடுத்த வருடம் புதிய தலைமுறை மாடல் வருகிறதாம். காத்திருக்கலாமா?

பதில்: நான் காத்திருக்க மாட்டேன். ஒரு தலைமுறை ஏழு வருடம் போல ஓடும், நடுவில் ஒரு ஃபேஸ்லிஃப்ட், அதாவது சின்னச் சின்ன மாற்றங்களோடு ஒரு புதுப்பிப்பு. முதல் வருடக் கார்களில் வருகிற சில்லறைக் கோளாறுகள் எல்லாம் கடைசி இரண்டு வருடத்துக்குள் சரியாகியிருக்கும். மெர்சிடிஸ் 2002-இல் கொண்டுவந்த இ-கிளாஸில் மின்னணு பிரேக் ஒன்றை வைத்தார்கள், திரும்ப அழைத்துப் பழுது பார்க்க வேண்டியிருந்தது, 2006 ஃபேஸ்லிஃப்டில் அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஹைட்ராலிக் பிரேக்குக்கே திரும்பினார்கள். அந்தத் தலைமுறையில் 2006-க்குப் பிந்தைய காரைத் தேடுகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். புதிய மாடல் வந்ததும் பழையதன் விலையும் இறங்கும், ஷோரூமில் மிச்சம் நிற்கிற கார்களுக்கு நல்ல தள்ளுபடி கேட்கலாம். அப்படி நிற்கிற காரை எடுக்கும்போது எந்த மாதம் தயாரித்தது, வாரண்டி எந்தத் தேதியிலிருந்து தொடங்குகிறது என்று மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.